முளைக்குச்சியும் பாண்ட்ரால் கிளிப்பும்

திருவண்ணாமலைக்கு ரயில் என்றாலே செய்தி பெட்டிகளைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. 2024 மே மாதம் சென்னை கடற்கரை – வேலூர் கண்டோன்மென்ட் ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டபோதும் அப்படித்தான். பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் சிறப்பு ரயில் விடும்போதும் அப்படித்தான். எத்தனை பெட்டி, எத்தனை மணிக்கு, எவ்வளவு வேகம் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. பெட்டிக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு வளைந்த கம்பி இருக்கிறது. நடைமேடையில் நின்று எதிர்ப்பக்கத் தண்டவாளத்தைப் பார்த்தாலே தெரியும்: ஒவ்வொரு கான்கிரீட் கட்டையிலும் நான்கு கம்பிகள், தண்டவாளத்தின் இருபுறமும் ஜோடி ஜோடியாக. ஆணி இல்லை, போல்ட்டும் நட்டும் இல்லை. இவ்வளவு பெரிய ரயிலை இந்தக் கம்பியா பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற கேள்வி யாருக்கும் எழக்கூடியது. அதற்கான பதிலில், இறுக்கம் என்ற சொல்லைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணமே மாறிவிடுகிறது. இறுக்கிப் பிடிப்பது என்றால் அசையவிடாமல் பிடிப்பது என்று நினைக்கிறோம். அசைவுக்கு இடம் கொடுத்துப் பிடித்ததே நிலைக்கும் என்பதுதான் ரயில்பாதை தரும் பாடம்.

முதலில், ரயிலின் எடையைத் தாங்குவது அந்தக் கம்பியின் வேலையே அல்ல. டபிள்யூ.ஏ.பி.-7 மின் இன்ஜினின் எடை 123 டன், ஆறு அச்சுகள், ஒரு சக்கரத்துக்குச் சுமார் பத்து டன். அது தண்டவாளத்தைக் கட்டைமேல் அழுத்துகிறது. கீழ்நோக்கி அழுந்தும் பொருளைக் கீழே பிடித்து வைக்க யாரும் தேவையில்லை. பிடிமானம் தேவைப்படுவது வேறு மூன்று திசைகளில்: வளைவில் சக்கரம் தண்டவாளத்தை வெளிப்பக்கம் தள்ளுகிறது, பிரேக் போடும்போதும் வெயிலில் விரியும்போதும் தண்டவாளம் நீளவாக்கில் நகரப் பார்க்கிறது, மூன்றாவதாக, அது மேலே எழும்புகிறது. இந்த மூன்றாவதுதான் வியப்பு. தண்டவாளம் என்பது மெத்தென்ற ஜல்லிப் படுக்கைமேல் கிடக்கும் விறைப்பான நீண்ட உத்தரம். ஓர் இடத்தில் அழுத்தினால் அங்கே அமிழ்ந்து, சற்றுத் தள்ளி மேலே எழும். சாதாரணமாக நல்ல பாதை ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டால், சக்கரத்துக்கு அடியில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்கிறது; சுமார் மூன்று மீட்டர் தள்ளி அந்தத் தாழ்வில் நூற்றுக்கு நான்கு பங்கு எழும்புகிறது. அதாவது ஒரு தாளின் கனம்கூட வராது. ஆனால் ரயிலின் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, நடுவில் ஒவ்வொரு பெட்டியின் இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கும் இடையிலுள்ள நீண்ட வெற்றிடத்தில் ஒருமுறை என்று அந்த எழும்பல் திரும்பத் திரும்ப நடக்கிறது. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் எதுவாக இருந்தாலும், அதைப் பிடுங்கும் கை இதுதான். பெரிய கை அல்ல, ஓயாத கை.

ஓயாமல் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை அறியக் கார்த்திகை தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தை போதும். முளைக்குச்சி அடித்து மாட்டைக் கட்டுகிறார்கள். மாடு வெகுண்டு ஒரே இழுப்பில் முளையைப் பிடுங்குவது அபூர்வம். நாள் முழுக்கத் தலையை ஆட்டுகிறது, ஈ விரட்டுகிறது, வைக்கோலுக்கு எட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் முளை ஒரு நூலளவு அசைகிறது. மாலைக்குள் முளையைச் சுற்றி ஒரு வளையம் போல மண் விலகி நிற்கிறது. அதன்பின் கையாலேயே உருவிவிடலாம். அதே குழியில் மறுபடி அடித்தால் நிற்காது. மழை பெய்துவிட்டால் இன்னும் மோசம். இப்போது மாட்டின் இடத்தில் தண்டவாளத்தையும், மண்ணின் இடத்தில் மரக்கட்டையையும், முளையின் இடத்தில் ஆணியையும் வைத்துப் பாருங்கள். மரக்கட்டைப் பாதையின் வாழ்வும் சாவும் இவ்வளவுதான். மாடு கட்டுபவருக்கு மூன்று வழிகள் உண்டு. கயிற்றைக் குட்டையாக முளையோடு ஒட்டிக் கட்டலாம். மாடு தலையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் முளை அடி வாங்கும். கயிற்றைத் தாராளமாக விடலாம். முளை பிழைக்கும், மாடு மேயப் போய்விடும். மூன்றாவது வழியைச் சந்தையில் யாரும் செய்வதில்லை: கயிற்றுக்குப் பதில் வலுவான ரப்பர். எப்போதும் இழுத்த நிலையிலேயே இருக்கும். ஆனால் வெடுக்கென்று இழுக்காது. தண்டவாளப் பிணைப்பின் கதை முழுவதும் இந்த மூன்று கயிறுகளின் கதைதான்.

மரத்தில் அடிக்கும் ஆணியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். டாக் ஸ்பைக் என்று ரயில்வேக்காரர்கள் சொல்லும் அந்த ஆணி சதுரக் கம்பி. தலை ஒரு பக்கம் துருத்தி, இரண்டு காது வைத்த நாயின் தலைபோல இருக்கும். துருத்திய பக்கம் தண்டவாளத்தின் அடிப்பாதத்தைக் கவ்வும். காதுகள் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்குவதற்கு. நுனி ஊசியாக இல்லாமல் உளியாக இருப்பதுதான் நுட்பம். உளிமுனையை மரத்தின் ரேகைக்குக் குறுக்காக வைத்து அடிப்பார்கள். ரேகையோடு அடித்தால் விறகு பிளப்பதுபோல் கட்டை பிளந்துவிடும். குறுக்காக அடித்தால் நார்கள் அறுபட்டு, ஆணி இறங்கும் திசையிலேயே கீழ்நோக்கி மடிகின்றன. மடிந்த நார்கள் ஆணியின் பக்கங்களில் சாய்வாக முட்டுக் கொடுத்து நிற்கின்றன. ஆணியை மேலே இழுத்தால் அந்த முட்டுகள் நிமிரப் பார்த்து ஆணியை இன்னும் நெருக்கும். உள்ளே போவது எளிது, வெளியே வருவது கடினம் என்ற இந்த ஒருவழிப் பூட்டை மரத்தின் நாரே செய்கிறது. நல்ல வைரம் பாய்ந்த மரத்தில் புதிதாக அடித்த ஆணியை உருவ டன் கணக்கில் விசை வேண்டும். ஆனால் தாளளவு எழும்பல் லட்சம் தடவை வந்தபின் முட்டுகள் நசுங்கிப் பொடியாகின்றன. இடுக்கில் மழைநீர் இறங்குகிறது. ஆணி துருப்பிடிக்கிறது, துருப்பிடித்த இரும்பைச் சுற்றிய மரம் உளுத்துப்போகிறது. குழியில் மரமுளை செருகி மறுபடி அடிக்கலாம். சற்றுத் தள்ளி வேறு குழி போடலாம். குழிகளே மிஞ்சியபின் கட்டையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அப்படியானால் இன்னும் பலமாக முறுக்கிவிட்டால் என்ன? ஆணிக்குப் பதில் தடித்த திருகாணி, பெரிய ஸ்பேனர், இரண்டு ஆள் பலம். இது நியாயமான கேள்வி. பல நாடுகள் முயன்றும் பார்த்தன. தடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. திருகாணியை முழுப் பலத்தோடு முறுக்கும்போது அது இழுபட்டு நீள்வது ஒரு மில்லிமீட்டரில் ஏதோ ஒரு சிறு பங்கு. அந்த நீட்சிதான் அதன் பிடி. அடியிலுள்ள இருக்கை அதே சிறு பங்கு தேய்ந்தாலோ அமுங்கினாலோ நீட்சி போயிற்று, அதோடு பிடியும் போயிற்று. நேற்று ஒரு டன், இன்று சுழியம். குட்டைக் கயிற்று மாடு இதுதான். பாண்ட்ரால் கிளிப் என்று எல்லோரும் சொல்லும் வளைகம்பி இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. வில் எஃகாலான அந்தக் கம்பியின் ஒரு கால் கட்டையில் பதித்த இரும்புக் காதுக்குள் நுழைகிறது. கம்பி மேலே வளைந்து, முறுக்கித் திரும்பி, நுனி தண்டவாளப் பாதத்தின்மேல் வந்து அமர்கிறது. சுத்தியலால் அடித்து ஏற்றும்போது அந்த நுனி சுமார் 13 மில்லிமீட்டர் மேலே தள்ளப்படுகிறது. பழைய இடத்துக்குத் திரும்ப முடியாத அந்த 13 மில்லிமீட்டர்தான் தண்டவாளத்தை ஏறக்குறைய ஒரு டன் விசையோடு அழுத்துகிறது. இப்போது ரயில் ஓடி, தண்டவாளம் ஒரு தாளின் கனம் எழும்பட்டும்: 13-ல் 0.1 மாறினால் பிடி மாறுவது நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. அடியிலுள்ள ரப்பர் தகடு ஒரு மில்லிமீட்டர் முழுதாகத் தேயட்டும்: போவது நூற்றுக்கு எட்டுப் பங்கு. இரண்டும் ஒரு டன் பிடிதான். ஒன்று ஒரு தேய்வில் செத்துப்போகும், மற்றது பத்துத் தேய்வையும் பொறுத்துக்கொள்ளும். பிடியின் தரத்தை அதன் வலுவைக் கொண்டு அளப்பது போதாது. எவ்வளவு தூரம் வளைந்து அந்த வலுவைப் பெற்றது என்பதைக் கொண்டும் அளக்க வேண்டும்.

வரலாறு இதற்குமேல் அதிகம் விளக்குவதில்லை, சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தட்டையான அடிப்பாதம் கொண்ட தண்டவாளத்தையும் அதைக் கவ்வும் கொக்கித்தலை ஆணியையும் 1830 வாக்கில் வகுத்தவர் அமெரிக்கர் ராபர்ட் ஸ்டீவன்ஸ். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் பொறுப்பேற்றார். கட்டைக்காகக் காடுகள் வெட்டப்பட்ட வேகம் அவருக்குப் பெருங்கவலையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்திய ரயில்வே திருவண்ணாமலை வழியாகப் போட்ட மீட்டர்கேஜ் பாதை, 2010-ல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. வார்ப்பிரும்புக் கட்டை, எஃகுத் தொட்டிக் கட்டை எல்லாம் நம் நாட்டுப் பாதைகள் கண்டவை. வளைகம்பியைக் கண்டுபிடித்தவர் நார்வேயின் பெர் பாண்டே ரோல்ஃப்சன், ஆண்டு 1957. அவருடைய பெயரைச் சுருக்கியதுதான் பாண்ட்ரால்.

கிளிப்பின் அருமை முழுதாகத் தெரிவது திருவண்ணாமலையின் சித்திரை வெயிலில். இப்போது தண்டவாளங்களைக் கிலோமீட்டர் கணக்கில் ஒன்றாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். பழைய தடதட ஓசைக்குக் காரணமான இடைவெளி இல்லை. ஒரு கிலோமீட்டர் எஃகைத் தடையின்றி விட்டால் 40 டிகிரி சூடு கூடும்போது 46 சென்டிமீட்டர் நீளும். அது நீளாமல் தடுக்கப்படுவதால் அந்த ஆசை முழுவதும் விசையாக உள்ளேயே தங்குகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஒரு டிகிரிக்கு 1.8 டன், 30 டிகிரி கூடினால் 55 டன் அளவுக்கு நெருக்கம். அந்த நெருக்கத்தை ஜல்லியிடம் ஒப்படைக்கும் வழி, தண்டவாளம் கட்டையைவிட்டு வழுக்காமல் இருப்பது. வழுக்காமல் இருக்கும் வழி, கிளிப்பின் நுனி எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பது. கட்டையின் எடையும் கைகொடுக்கிறது. சுமார் 270 கிலோ கான்கிரீட் கட்டை தண்டவாளத்தோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இணைந்திருப்பதால், எழும்பும் கணத்தில் தண்டவாளம் தன்னோடு அந்தப் பளுவையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் முடிவதில்லை. ரப்பர் கயிற்றில் கட்டிய மாடு மேயவும் போகவில்லை, முளையையும் அசைக்கவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அமெரிக்காவில் இன்றும் பெரும்பகுதிப் பாதை மரக்கட்டையும் டாக் ஸ்பைக்கும்தான். மிகக் கனமான சரக்கு ரயில்கள் அவற்றின்மேல் ஓடுகின்றன. அப்படியிருக்க ஆணி தோற்றது என்று எப்படிச் சொல்வது? அவர்கள் ஆணியை எப்படி அடிக்கிறார்கள் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். தலைக்கும் தண்டவாளப் பாதத்துக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டரோ சற்று அதிகமோ இடைவெளி விட்டு நிறுத்துகிறார்கள். எழும்பும் தண்டவாளம் ஆணியைத் தொடாமல் எழும்பி இறங்கிவிடுகிறது. தாராளமாக விட்ட கயிறு இதுதான். கயிறு தளர்ந்தால் மாடு மேயப் போகுமே? போகிறது; தண்டவாளம் நீளவாக்கில் நகர்கிறது. அதைத் தடுக்கத் தனியாக நங்கூரம் என்று ஒரு கவ்வியைத் தண்டவாளத்தின் அடியில் மாட்டிக் கட்டையோடு முட்டவைக்கிறார்கள். ஆக, ஆணி மட்டும் அங்கே எல்லாவற்றையும் செய்வதில்லை. அசைவுக்கு இடம் கொடுக்கும் கொள்கையை அவர்களும் ஏற்றுக்கொண்டு வேறு வழியில் நிறைவேற்றுகிறார்கள். கூடவே மரமே ஒரு மெத்தை. அதிர்ச்சியை அது உள்வாங்கும், மின்சாரத்தையும் எளிதில் கடத்தாது. கான்கிரீட்டில் இந்த இரண்டு குணமும் இல்லாததால்தான் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் தகடும், கிளிப் நுனிக்கு அடியில் நைலான் லைனரும் வைக்க வேண்டியிருக்கிறது. மரம் இயல்பாகவே தந்ததை நாம் துண்டு துண்டாகச் செய்து சேர்த்துக்கொள்கிறோம். மரத்துக்கு உரிய மரியாதையை மறுக்க வேண்டியதில்லை. அந்த மரம் நமக்கு இனி போதுமான அளவில் இல்லை என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

ஆகவே, பராமரிப்பே தேவையில்லாத பாதை, நூறு ஆண்டு உழைக்கும் புதுப் பொருள் என்று விளம்பரம் வரும்போது நிதானிக்க வேண்டும். மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கிலும் நார்க்கலவையிலும் கட்டைகள் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ரயில்பாதையில் கடினமான சோதனை எடை தாங்குவது அல்ல என்பதைத்தான் இதுவரை பார்த்தோம். பிளாஸ்டிக்குக்குத் தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும் குணம் உண்டு. அதில் பதித்த பிடி பல வெயில்காலங்களுக்குப் பிறகும் எத்தனை பங்கு மிஞ்சும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கிளிப்பும் அமரத்துவம் பெற்றதல்ல. துருப்பிடித்துக் காதோடு ஒட்டிக்கொள்ளும்; அதற்காகக் கழற்றி கிரீஸ் பூச வேண்டும். குறைவாக அடித்தால் பிடிக்காது, அளவு மீறி அடித்தாலும் கெடும். ஆண்டுக்கணக்கில் வளைந்தே இருந்து வில்லை இழந்த கிளிப்பும் உண்டு. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், சுத்தியல் பட்டால் எதிர்ப்பில்லாமல் உள்ளே போய்விடும். இதைக் கண்டுபிடிப்பவர் கீமேன். சுத்தியலும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு தன் பகுதி முழுவதையும் தினமும் நடந்தே பார்ப்பவர். கிலோமீட்டருக்கு 1660 கட்டை, கட்டைக்கு நான்கு கிளிப்; விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிவரை சுமார் 160 கிலோமீட்டரில் பத்து லட்சத்துக்கும் மேல். அவற்றில் வில் இழக்காத ஒவ்வொன்றும் இந்த நிமிடம்கூட சுமார் 13 மில்லிமீட்டர் வளைந்து, பழைய இடத்துக்குத் திரும்பத் துடித்தபடி ஒரு டன் அழுத்திக்கொண்டிருக்கிறது. பௌர்ணமி ரயில் அந்தத் துடிப்பின்மேல்தான் ஓடுகிறது.