பதினான்கு நாள் யார் கணக்கில்?

கொரோனா பெருந்தொற்றை முன்னிட்டுக் குவைத் 2020 ஆகஸ்டு 1 முதல் இந்தியா உள்ளிட்ட 31 நாடுகளிலிருந்து நேரே வருவோருக்குக் கதவை அடைத்தது. சவூதி அரேபியா அதே ஆண்டு செப்டம்பர் பிற்பகுதியில் இந்தியாவுடனான போக்குவரத்தை நிறுத்தியது. அடைத்த கதவில் இரு நாடுகளும் ஒரு திட்டிவாசலை விட்டுவைத்தன. தடைப் பட்டியலில் இல்லாத வேறொரு நாட்டில் பதினான்கு நாள் தங்கியவர், தொற்று இல்லை என்று காட்டும் பி.சி.ஆர். சோதனைச் சான்றோடு வந்தால், அவர் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் உள்ளே நுழையலாம் என்பதே அது. கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட நோயரும்பு காலம் அதிக அளவாகப் பதினான்கு நாள் என்று மருத்துவர்கள் வகுத்திருந்தமையால், தடையானது பயணியின் கடவுச்சீட்டைப் பாராமல் கடந்த பதினான்கு நாளில் அவர் எங்கே இருந்தார் என்பதை மட்டுமே பார்த்தது. மருத்துவம் தந்த அந்தக் கால அளவு சில மாதங்களுக்குள் பயண முகவர்களின் விலைப்பட்டியலில் ஏறி, ‘பேக்கேஜ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதற்கான பணம் எங்கிருந்து வந்தது, எவர் பெயரில் கடனாக எழுதப்பட்டது என்ற கேள்வியை அக்காலத்துப் பயண அறிவிப்புகள் எவையும் எழுப்பவில்லை.

தென்காசி மாவட்டத்தில் இக்கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. சிவகிரி வட்டத்தைச் சேர்ந்த ராயகிரி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள பேரூராட்சி. நெல்லும் கரும்பும் எலுமிச்சையும் விளையும் இப்பகுதியில் வேளாண்மை மழையையும் குளத்து நீரையும் நம்பியே நடப்பதால், ஆண்டு முழுவதும் கையில் காசு புழங்க வேண்டுமென்றால் வீட்டில் ஒருவரேனும் வெளியூர்ச் சம்பளம் வாங்கியாக வேண்டும். தெற்கே புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று நீளும் சாலையோர ஊர்களில் கடல் கடந்த வேலை என்பது தலைமுறைப் பழக்கம்; கைத்தறி நலிந்த காலத்தில் கடையநல்லூரிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் பிற்காலத்தில் வளைகுடா பக்கம் திரும்பினர். 2020, 2021 ஆகிய ஈராண்டுச் சாரல் பருவங்களிலும் குற்றாலத்தில் குளிக்கத் தடை இருந்தமையால், அருவியை நம்பிய விடுதி, கடை, ஆட்டோ வருமானமும் நின்றுபோயிற்று. அதாவது, வெளிநாட்டுச் சம்பளம் தடைபட்ட அதே காலத்தில் உள்ளூரில் கடன் கொடுத்து உதவக்கூடியவர்களின் கையும் வறண்டிருந்தது.

இம்மாவட்டத்தார் பலருக்கு வளைகுடாவுக்கான வாசல் திருவனந்தபுரம். மதுரையைவிட அங்கிருந்து வளைகுடா விமானங்கள் அதிகம் என்பதோடு, தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாக மூன்று மணி நேரச் சொச்சத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதும் அதற்குக் காரணம். பெருந்தொற்றில் அந்த மலைச்சாலையும் ஓர் எல்லையாயிற்று. புளியரைச் சோதனைச் சாவடியைக் கடப்பதற்கு இ-பாஸ் என்னும் மின்னணு அனுமதியும், கேரளத்தின் ‘கோவிட் ஜாக்ரதா’ தளத்தில் முன்பதிவும் வேண்டியிருந்தன. பி.சி.ஆர். சோதனைக்கு மாதிரி கொடுத்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் விமானம் ஏற வேண்டியவருக்குச் சோதனைச் சாவடியில் வீணாகும் ஓர் இரவும் விலை உள்ளதே.

பேக்கேஜ் என்பதன் உள்ளடக்கத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து மூன்றாம் நாட்டுக்கு ஒரு டிக்கெட், அந்நாட்டுச் சுற்றுலா விசா, இருவர் அல்லது மூவர் பகிர்ந்துகொள்ளும் விடுதி அறையில் பதினான்கு இரவு, மூன்று வேளைச் சாப்பாடு, புறப்படும்போது ஒன்றும் அங்கிருந்து கிளம்பும்போது ஒன்றுமாக இரு பி.சி.ஆர். சோதனைகள், அங்கிருந்து ரியாத்துக்கோ தம்மாமுக்கோ குவைத்துக்கோ மற்றொரு டிக்கெட் ஆகியவை அதில் அடங்கும். தங்கியதற்கான சான்று கடவுச்சீட்டில் விழும் நுழைவு முத்திரையே என்பதால், வந்திறங்கிய நாளைச் சேர்த்து எண்ணுவதா விட்டு எண்ணுவதா என்ற ஐயத்திலேயே பலரும் பதினைந்தாவது, பதினாறாவது இரவுக்கும் அறை வாடகை கொடுத்தனர். 2021 மே 20 முதல் தடுப்பூசி முழுமையாகச் செலுத்தாதோர் சவூதியில் இறங்கியதும் சொந்தச் செலவில் ஏழு நாள் விடுதித் தனிமையில் இருக்க வேண்டும் என்ற விதி சேர்ந்ததோடு, ஒரே பயணத்துக்கு இரண்டு தனிமைக் காலங்கள் என்றாயிற்று. வழக்கமாகச் சில பல ஆயிரங்களில் முடியும் ஒருவழிப் பயணம், இவ்வாறு சுற்றிப் போனபோது ஓர் இலட்ச ரூபாயை எளிதில் தாண்டியது.

இவ்வளவு கொடுத்தும் போக வேண்டிய நிர்ப்பந்தம் ஆவணங்களில் இருந்தது. ‘இக்காமா’ எனப்படும் வதிவிட அனுமதிக்கும், விடுப்பில் வெளியே சென்று திரும்புவதற்கான ‘ரீ-என்ட்ரி’ விசாவுக்கும் கெடு உண்டு. கெடு தாண்டினால் வேலையே கைவிட்டுப் போகும். சவூதி அரசு 2021இல் இக்கெடுவைப் பலமுறை கட்டணமின்றி நீட்டித்தது உண்மைதான் என்றாலும், ஒவ்வொரு நீட்டிப்பும் கடைசி நேரத்தில்தான் வந்தது. ஊரில் காத்திருந்தவர் நீட்டிப்பு வரும் என்று நம்பி இருந்துவிட முடியாது. கம்பெனியிலிருந்து ‘எப்போது வருகிறாய்’ என்று கேட்டு வரும் ஒரு குரல்செய்தி போதும், நகை அடகுக்குப் போய்விடும்.

முதலில் இப்பயணிகளுக்கு இடைத்தங்கலாக அமைந்தது துபாய். 2021 பிப்ரவரி 3 அன்று சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து 20 நாடுகளுக்குத் தடை விதித்தது. நான்கு நாள் கழித்துக் குவைத்தும் வெளிநாட்டவரின் வருகையை நிறுத்தியது. அப்போது பதினான்கு நாளில் ஐந்தாம் நாளிலோ பத்தாம் நாளிலோ இருந்தவர்களின் விடுதி வாடகை முழுதும் வீணாயிற்று. ஊர் திரும்புவதே நல்லது என்று இந்தியத் தரப்பிலிருந்து அறிவுறுத்தப்பட்டபோது, திரும்பும் டிக்கெட்டுக்கும் அவர்களே பணம் தேட வேண்டியிருந்தது. அடுத்துப் பயணிகள் நேபாளம், மாலத்தீவு, ஓமான், பஹ்ரைன் பக்கம் திரும்பினர். இந்தியர்க்கு விசா தேவைப்படாத நேபாளம் இவற்றுள் மலிவானது. அங்கிருந்து மூன்றாம் நாட்டுக்குப் பறக்கும் இந்தியர் தடையின்மைச் சான்று பெற வேண்டும் என்ற பழைய ஏற்பாடு காத்மாண்டுவில் நீண்ட வரிசைகளை உண்டாக்க, 2021 ஏப்ரலில் அது தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. தளர்த்திய சில நாளிலேயே, ஏப்ரல் இறுதியில், பிற நாடு செல்வதற்காக வருவோரை நேபாளம் ஏற்க மறுத்தது. மே முதல் வாரத்தில் பன்னாட்டு விமானச் சேவையையே நிறுத்தியது. ஓமானும் அமீரகமும் ஏப்ரல் 24, 25 தேதிகளை ஒட்டி இந்தியாவிலிருந்து வருவதை அடைத்தன. இலங்கையும் மாலத்தீவும் மே மாதத்தில் அடைத்தன. பஹ்ரைனில் இருந்தவர்கள், சவூதியோடு அந்நாட்டை இணைக்கும் கடற்பாலத்தின் இப்புறத்திலேயே தடுப்பூசி விதி காரணமாக நின்றுபோயினர். இதன் பின் உஸ்பெகிஸ்தான், ஆர்மீனியா, செர்பியா, எத்தியோப்பியா என்று, பள்ளிப் புவியியல் பாடத்தில்கூட நினைவில் நில்லாத நாடுகளின் பெயர்கள் ‘ரூட்’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு முகவர்களின் வாட்ஸ்அப் அறிவிப்புகளில் வலம் வந்தன. வழி நீள நீள விலையும் ஏறியது.

தடுப்பூசி இச்சிக்கலை உடனே தீர்த்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அவசர ஒப்புதலை இந்தியத் தடுப்பூசியான கோவேக்சின் 2021 நவம்பர் 3 அன்றுதான் பெற்றது. கோவிஷீல்டு செலுத்தியவர்களுக்கு இரு தவணைக்கும் இடையே 12 முதல் 16 வாரம் என்ற இடைவெளி குறுக்கே நின்று, அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் வெளிநாடு செல்வோருக்கு 28 நாளாகக் குறைக்கப்பட்டது.

கடனின் அளவை உணர ஓர் ஒப்பீடு உதவும். வெளிநாட்டு வேலைக்கு இந்தியர் இதற்குக் குறைந்த சம்பளத்தில் அனுப்பப்படலாகாது என்று மத்திய அரசு நிர்ணயிக்கும் தொகைக்குக் குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியம் என்று பெயர். 2020 செப்டம்பரில், வேலைவாய்ப்புகள் பிற நாட்டவர் கைக்குப் போய்விடக் கூடாது என்ற காரணத்தால், வளைகுடா நாடுகளுக்கு இத்தொகை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைக்கப்பட்டு, அமீரகம், கத்தார், ஓமான், பஹ்ரைன் ஆகியவற்றுக்கு மாதம் 200 டாலர் என்றாக்கப்பட்டது. அக்காலத்து நாணய மாற்றில் அது ஏறத்தாழ 15,000 ரூபாய். எதிர்ப்பு எழுந்த பின் 2021 ஜூலையில் அக்குறைப்பு திரும்பப் பெறப்பட்டது. அந்த ஊதியத்தில் உள்ள ஒருவருக்கு ஓர் இலட்ச ரூபாய் பேக்கேஜ் என்பது ஆறு மாதத்துக்கும் மேற்பட்ட முழுச் சம்பளம். உண்ணாமல் உடுத்தாமல், வீட்டுக்குச் சல்லிக்காசு அனுப்பாமல் சேர்த்தால்தான் அத்தொகை தேறும். நகைக் கடனில் தங்கத்தின் மதிப்பில் 90 விழுக்காடு வரை வங்கிகள் தரலாம் என்ற சலுகை 2021 மார்ச் 31 அன்று முடிந்து பழைய 75 விழுக்காட்டுக்குத் திரும்பியிருந்தது. சுற்றுவழியின் விலை ஏறத் தொடங்கியதோ ஏப்ரலில். இடையில் விழுந்த துண்டுக்கு வட்டிக்காரரைத் தவிர வேறு போக்கிடம் ஏது? கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருப்பது, அவசரத்துக்குப் பணம் தேடுபவரின் நினைவுக்கு வருவதில்லை.

நோய்க்கு அஞ்சித் தொழிலாளியை இடைவழியில் தங்கவைப்பது திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதன்று. பிளேக் அச்சம் பரவிய காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களுக்காகத் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு முகாமும், பாம்பன் பாலத்தின் மீது 1914இல் இரயில் ஓடத் தொடங்கிய பின் மண்டபத்தில் மற்றொரு முகாமும் இயங்கின. இந்திய மண்ணில் இருந்தாலும் அவற்றை நடத்தியது இலங்கை அரசு. தொழிலாளர்கள் அங்கே சில நாள் தங்கவைக்கப்பட்டனர், அவர்களுடைய துணிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன, அம்மைப்பால் குத்தப்பட்டது, அதன் பிறகே கப்பல். அம்முகாம்களைப் போற்றுவதற்கு ஒன்றுமில்லை. கழுத்தில் தகர வில்லையைக் கட்டி மனிதரைச் சரக்குப்போல் அனுப்பிய ஏற்பாட்டின் ஒரு பகுதியே அவை. வழிச்செலவு முழுவதும் தொழிலாளியின் பற்றுவரவில் கடனாக ஏறியதும், அக்கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு அவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குத் துரத்தியதும் தோட்ட வரலாற்றில் பதிவானவை. ஆயினும் 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டு, 1922இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து இலங்கையில் 1923இல் தோட்ட முதலாளிகளின் பணத்தில் ஒரு பொதுநிதி ஏற்பட்ட பின், கடனின்றித் தொழிலாளி தோட்டத்தை அடைய வேண்டும் என்ற கொள்கையேனும் ஏட்டில் ஏறியது. நூறாண்டு கழித்துத் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டிலும் ஆர்மீனியாவின் எரவானிலும் தனிமையில் கிடந்த தொழிலாளிக்கு அந்த ஏட்டு ஆறுதலும் வாய்க்கவில்லை.

வசதி படைத்தவர்க்கும் அதே பதினான்கு நாள்தான், கணக்குத்தான் வேறு. இந்தியாவிலிருந்து திரும்பும் சொந்தக் குடிமக்களுக்கே 2021 மே முதல் வாரத்தில் ஐந்தாண்டுச் சிறை, 66,600 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் என்று ஆஸ்திரேலியா அச்சுறுத்தியபோது, பாதியில் நின்ற ஐ.பி.எல். போட்டியில் ஆடிய அந்நாட்டு வீரர்கள் போட்டியை நடத்தியவர்களின் ஏற்பாட்டில் மாலத்தீவுக்குச் சென்று காத்திருந்து, பின்னர் நாடு திரும்பினர். மே 4 முதல் அமெரிக்கா விதித்த தடையைக் கடக்க மெக்சிகோவிலும் செர்பியாவிலும் தங்கிய மென்பொருள் ஊழியர்களுள் பலர் விடுதி அறையிலிருந்தே வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினர். கம்பி கட்டுபவரும் ஓட்டுநரும் அறையில் இருந்தபடி செய்யக்கூடிய வேலை எதுவுமில்லை.

நாளொன்றுக்கு நான்கு இலட்சம் பேருக்கு மேல் தொற்று உறுதியான இந்தியாவின் அந்த மே மாதத்தில் பிற நாடுகள் தம் மக்களைக் காக்க வேறென்ன செய்திருக்க முடியும் என்பாரும், சுற்றுவழியைத் திறந்துவிட்டதனால் பலரது வேலை தப்பியது என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் நம் நாட்டுச் சட்டத்தில் உள்ள ஓட்டை அந்நிய நாடு எதனாலும் ஏற்பட்டதன்று. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒருவர் தொழிலாளியிடம் பெறக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும் என்ற காப்பும் உண்டு. பேக்கேஜ் விற்றவரோ ஆள்சேர்ப்பு முகவர் அல்லர், பயண முகவர். அவர் எவ்வளவு வாங்கலாம் என்று இச்சட்டம் கேட்பதில்லை. சுற்றுலா விசாவில் ஆர்மீனியாவுக்குக் கிளம்பியவர் ஆவணத்தின்படி சுற்றுலாப் பயணி. முதலாளி கொடுக்க ஒப்புக்கொண்ட விடுப்பு டிக்கெட் நேர்வழிக்கு மட்டுமே உரியது என்று ஒப்பந்தத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டால், சுற்றுவழிச் செலவைக் கேட்டுப் பெறவும் வழியில்லை. பழைய சட்டத்துக்கு மாற்றாக ஒரு வரைவை மத்திய அரசு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது, இத்தனையும் நடந்துகொண்டிருந்த அதே 2021 ஜூன் மாதத்தில். அது சட்டமாகவில்லை.

சவூதி அரேபியா 2021 டிசம்பர் 1 முதல் இந்தியாவிலிருந்து நேரே வருவதை ஐந்து நாள் தனிமையோடு அனுமதித்தது; இந்தியாவின் வழக்கமான பன்னாட்டு விமானச் சேவை 2022 மார்ச் 27 அன்று மீண்டும் தொடங்கியது. முந்தைய ஏப்ரலில் காத்மாண்டு ரூட்டுக்காக மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வீதம், வாங்கிய ஓர் இலட்சத்துக்கு அந்த நாளுக்குள் வட்டி மட்டும் 33,000 ரூபாய் ஏறியிருக்கும். முதல் அப்படியே நிற்கும்.