வெள்ளைக்குள் மறையும் வெள்ளை

"கையில் ஒன்றும் தட்டுப்படவில்லையே, பிறகு எதற்குப் படம்?" என்று உம்மாமார் பலர் கேட்பதுண்டு. இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். கட்டி கையில் தட்டுப்படும் முன்னரே அதன் தடயம் படத்தில் தெரியக்கூடும். அதற்கான விசேட எக்ஸ்ரேதான் மமோகிராம்.

இப்படத்தில் கொழுப்பு கருமையாகவும் பால் சுரப்பித் திசு வெண்மையாகவும் தெரியும். சிக்கல் என்னவென்றால், புற்றுக்கட்டியும் வெண்மையாகவே விழும். திசு அடர்ந்த மார்பகத்தில் அதைத் தேடுவது வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைத் தேடுவது போலத்தான். இளம் வயதில் திசு பெரும்பாலும் அடர்ந்தே இருக்கும். எங்கள் வயதினருக்கு வைத்தியர்கள் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதிக்கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணாடித் தாள்கள் பத்தில் எழுதி, அடுக்கிவைத்து, மேலிருந்து வாசித்துப் பாருங்கள். சில எழுத்துகள் மறைந்துவிடும். இல்லாத எழுத்தொன்று இருப்பதாகவும் தோன்றும். சாதாரண மமோகிராமின் குறை இதுதான். டோமோசிந்தசிஸ் எனும் முப்பரிமாண மமோகிராம் அத்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டுகிறது. எக்ஸ்ரே குழாய் வில்போல நகர்ந்து, குறைந்த கதிர்வீச்சில் பல கோணப் படங்களை எடுக்கும். கணினி அவற்றை ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் இடைவெளியிலான படலங்களாக அமைத்துத் தரும். அமெரிக்காவில் இதற்கு 2011 இல் அனுமதி கிடைத்தது.

இம்முறையில் நன்கு தெரிவது திசுவின் இழுபடல். கட்டி என்று எதுவும் இராது. துணியில் ஒரு நூலை இழுத்தால் சுற்றிலும் சுருங்குமே, அப்படி இழைகள் ஒரு புள்ளியை நோக்கி இழுபட்டிருக்கும். பழைய சத்திரசிகிச்சைத் தழும்பும் இப்படித் தோன்றலாம் என்பதால் மேலும் பரிசோதித்தே முடிவு சொல்வார்கள். இன்னொன்று, அரை மில்லிமீற்றரிலும் சிறிய கல்சியப் புள்ளிகள். பெரும்பாலானவை தீங்கற்றவை. ஒழுங்கற்ற வடிவில், ஓரிடத்தில் கூட்டமாக இருந்தால்தான் சந்தேகம்.

எவ்வளவு நவீன கருவியானாலும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. படம் தெளிவாக இருந்தும் கையில் கட்டி தட்டுப்பட்டால் வைத்தியரிடம் மீண்டும் போகவே வேண்டும். 35 வயதைத் தாண்டிய உம்மாமாருக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனை இருக்கிறது; கூச்சத்தால் தள்ளிப்போடுவோர்தான் அதிகம். மமோகிராம் எடுக்கும்போது பெண் உத்தியோகத்தரைக் கேட்கலாம். மார்பகத்தைச் சில விநாடிகள் அழுத்துவார்கள், கொஞ்சம் நோகும். திசு பரவினால்தான் படம் தெளிவாக விழும், கதிர்வீச்சும் குறையும்.

அன்று மட்டும் பவுடரோ டியோடரண்டோ பூசிக்கொண்டு போகவேண்டாம். அவற்றின் துகள்கள் படத்தில் கல்சியப் புள்ளிகளைப் போலவே தெரியும்!