நோய் வரும்போது சாட்சி எங்கே?

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தால் சுவர் அதிர்வதையும், இலைகளில் வெள்ளைத் தூசி படிவதையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. 1998 மே 11 பிற்பகல், இந்தியாவின் அணுகுண்டுச் சோதனையின்போது, ராஜஸ்தானின் பொக்ரான் அருகே கேத்தோலாய் கிராமம் கண்ட அதிர்வு வேறு ரகம். ராணுவத்தினர் முன்கூட்டியே வந்து, ஊராரை வீட்டைவிட்டு வெளியே மரநிழலில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். நிலம் குலுங்கி வீடுகளில் விரிசல் விட்டது. விரிசலுக்குச் சுவரே சாட்சி. ஆனால் ஊரில் புற்றுநோய் கூடிவிட்டது, கன்றுகள் ஊனமாகப் பிறக்கின்றன என்ற புகாருக்கு எது சாட்சி? கதிர்வீச்சு கசியவில்லை என்பது அரசின் பதில். எது சரியென்று பார்க்க, நோய் வெளிப்படும் முன்பே எடுத்த உடல்நலக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கின் அருமை மார்ஷல் தீவுகளில் தெரியும். 1954 மார்ச் 1 அன்று பிகினியில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு பவளப்பாறையைப் பொடியாக்கி வானில் தூக்கியது. பவளப்பாறையும் சுண்ணாம்புதான். ரொங்கலாப் தீவில் உதிர்ந்த அந்த வெள்ளைப் பொடியில் குழந்தைகள் விளையாடினார்கள். அதிலிருந்த கதிரியக்க அயோடின் தொண்டையிலுள்ள தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகி, சில மாதங்களில் தடமின்றி மறையும். தைராய்டு கட்டிகள் தென்படத் தொடங்கியதோ 1963-ல். குற்றவாளி ஓடி மறைந்து ஒன்பது ஆண்டு கழித்துக் காயம் வெளிப்படுகிறது. 1954 முதலே மருத்துவர்கள் பரிசோதித்து எழுதி வைத்ததால்தான் தொடர்பு புலப்பட்டது; அந்த மக்களிடம் முறையாகச் சம்மதம் கேட்காமலே அது நடந்தது என்பது தனிக் கொடுமை.

பொக்ரானில் நடந்தது நிலத்தடிச் சோதனை, பிகினியோடு ஒப்பிடலாமா என்பது நியாயமான கேள்வி. ஒப்பிட முடியாதுதான், ஆழத்தில் வெடித்தால் பெரும்பகுதிக் கதிரியக்கம் உருகிய பாறைக்குள்ளேயே அடைபடும். ஆனாலும் 1970 டிசம்பரில் நெவாடாவின் பேன்பெரி நிலத்தடிச் சோதனை மண்ணைப் பிளந்து கதிரியக்கத்தைக் கக்கியது. புற்றுநோய் எந்த ஊரிலும் வருமே என்றால், வழக்கத்தைவிடக் கூடியதா என்பதைக் கணக்கு மட்டுமே சொல்லும். ராணுவ ரகசியம் என்பதும் பொருந்தாது. குண்டின் வடிவம் ரகசியமாக இருக்கட்டும். ஒரு கிராமத்தாரின் ரத்தப் பரிசோதனையில் என்ன ரகசியம்?

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புத் தூசி கதிர்வீச்சு அல்ல. ஆனால் நுரையீரலும் உடனே முறையிடுவதில்லை. பெரம்பலூர் கல் குவாரிகளையும் அரியலூர்ச் சுரங்கங்களையும் ஒட்டிய ஊர்களில் இன்றே மூச்சுத்திறனை அளந்து பதிவு செய்ய வேண்டும்; அதன் முடிவுகள் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். 2022-ல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி இந்தப் பணியை ஏற்கட்டும்.