குறைமாதக் குழவியும் மொழியின் வழியும்

மழலைச் சொல்லுக்கு மகிழாத பெற்றோர் இலர். ஆயின், அம்மழலைக்கு வேண்டிய வழிகள் பிறப்பின் முன்னரே மூளையில் அமையத் தொடங்குகின்றன என்பதைச் சிந்திப்போர் சிலரே.

மொழி மூளையின் ஓரிடத்தில் மட்டும் உறைவதன்று. 1861ஆம் ஆண்டிற் பாரிசு நகரத்து வைத்தியர் புரோக்கா, பேச்சினை எழுப்பும் பகுதியை மூளையின் இடப்புற முன்பாகத்திற் கண்டார். 1874இல் செருமானியராகிய வேர்னிக்கே, கேட்ட சொல்லை உணர்தற்குரிய பகுதியை அதற்குப் பின்புறத்தே காட்டினார். இவ்விரண்டையும் வில்போல் வளைந்த நரம்புக் கற்றையொன்று இணைக்கின்றது. ஊர்கள் இரண்டிருந்தும் தெருவில்லையெனிற் போக்குவரத்து நிகழுமா?

கருப்பையில் நிறைவாக வளர ஏறத்தாழ 40 வாரங்கள் வேண்டும். 32 வாரங்களுக்கு முன் பிறப்போரை மிகு குறைமாதக் குழவிகள் என்பர். நரம்பு நார்களுக்கு மயலின் என்னும் கொழுப்புறையை அமைக்கவேண்டிய கலங்கள் அக்காலத்தில் முதிராது மென்மையாயிருக்கும். ஒட்சிசன் குறைவும் அழற்சியும் அவற்றை எளிதில் ஊறுபடுத்தும். நார்களின் வழியே நீர் பரவுமாற்றை அளக்கும் எம். ஆர். ஐ. படங்கள், இக்குழவிகள் பலரின் இணைப்புகள் முதிர்ச்சி குன்றியிருத்தலைக் காட்டியுள்ளன. இவர்களுட் சிலர் சொற்களை நன்கறிந்தும், நீண்ட வாக்கியங்களை விளங்கிக்கொள்ள இடர்ப்படுவர். எல்லோரும் அவ்வாறாவரல்லர்; மூளையின் வலப்பாகம் துணைநிற்பதும் உண்டு.

இதற்குப் பரிகாரம் யாது? கருவிலிருக்கும் சிசு பிறப்பதற்குப் பல வாரங்கள் முன்னரே தாயின் குரலைக் கேட்கின்றது. முந்திப் பிறந்த சிசுவோ அக்குரலை இழந்து, யந்திரங்களின் ஓசையிடையே கிடக்கின்றது. அமெரிக்காவின் றோட் ஐலண்டு மாநிலத்து ஆராய்ச்சியாளர், வைத்தியசாலையில் மிகுதியான பேச்சைக் கேட்ட குறைமாதக் குழவிகள் பின்னர் மொழித்திறனில் மேம்பட்டிருந்ததை 2014இல் எடுத்துக்காட்டினர். 2025இல் ஸ்ரான்போட் ஆய்வாளர் 46 குழவிகளை இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்கு மாத்திரம் தாய் கதை வாசிக்கும் ஒலிப்பதிவை நாடோறும் கேட்பித்தனர். அவர்களிடத்து முற்கூறிய வில்வடிவக் கற்றையின் இடப்பாகம் கூடுதலாக முதிர்ந்திருந்தது. விலைகொடுத்து வாங்கவொண்ணாத மருந்து தாயின் நாவிலேயே உள்ளது போலும்!

ஆசிரியப் பெருமக்களே, நீண்ட வினாவுக்கு விடைதரத் தயங்கும் மாணவனை மந்தன் எனவோ சோம்பேறி எனவோ உரைக்குமுன், அவன் எத்தனையாம் வாரத்திற் பிறந்தான் என வினவுங்கள். அவ்வினாவைச் சிறு வாக்கியங்களாகப் பிரித்து, மெல்லக் கூறி, சற்றுப் பொறுத்திருங்கள். அவனுக்கு அறிவு குறைவன்று, வழி ஒடுங்கியது. ஒடுங்கிய வழியும் நடக்க நடக்க அகலும்.