ஆர். கிருஷ்ணனும் கே. ராகவாச்சாரியும்

1980இல் 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் ஃபிசிக்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரையின் முதல் பெயர் ஆர். கிருஷ்ணன். 1989இல் 'கெமிக்கல் ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் வந்த இன்னொரு கட்டுரையின் முதல் பெயர் கே. ராகவாச்சாரி. கோட்பாட்டு வேதியியலில் இந்த இரண்டும் மிகப் பரவலாக எடுத்தாளப்படுபவை. இரண்டின் முதல் ஆசிரியரும் ஒருவரே: சென்னையில் பிறந்த கிருஷ்ணன் ராகவாச்சாரி.

ஐ.ஐ.டி. மெட்ராஸில் முதுநிலை முடித்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் போப்பிளிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர் அவர். போப்பிள் 1998இல் நோபல் பரிசு பெற்றவர். சோதனைக் குழாயைத் தொடாமல், குவாண்டம் விதிகளை வைத்துக் கணினியிலேயே மூலக்கூறின் வடிவத்தையும் ஆற்றலையும் கணக்கிட்டுச் சொல்வதுதான் இவர்களுடைய வேலை. ராகவாச்சாரி பிறகு பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்; 2002இல் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

1980 கட்டுரை தந்தது 6-311ஜி என்ற அடிப்படைத் தொகுதி. எலெக்ட்ரான் இருக்கக்கூடிய இடத்தைக் கணினிக்குப் புரியவைக்க, காஸியன் என்னும் எளிய கணிதச் சார்புகளை அடுக்கிச் சேர்க்கிறார்கள். அணுவின் உள்வட்ட எலெக்ட்ரான்களுக்கு ஆறு சார்புகள் கொண்ட ஒரே கட்டு. வேதிப்பிணைப்பில் ஈடுபடும் வெளி எலெக்ட்ரான்களுக்கு மூன்று, ஒன்று, ஒன்று என மூன்று தனித்தனிப் பகுதிகள். பெயரிலேயே செய்முறை இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இயற்பியல், வேதியியல் ஆய்வேடுகளைப் புரட்டினால் இந்த எண் அடிக்கடி கண்ணில் படும்.

1989 கட்டுரையின் கதை இன்னும் பெரிது. டிரக்ஸ், போப்பிள், ஹெட்-கோர்டன் மூவரோடும் சேர்ந்து ராகவாச்சாரி அதில் சி.சி.எஸ்.டி.(டி) என்ற முறையை முன்வைத்தார். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து நகர்வதைத் துல்லியமாகக் கணக்கிடும் முறை அது. மூன்று எலெக்ட்ரான்கள் ஒருசேர இடம் மாறும் விளைவை முழுமையாகக் கணக்கிட்டால் கணினி தாங்காது; அதைத் தோராயமாகச் சேர்த்துக்கொள்வதையே அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'டி' குறிக்கிறது. அப்போதும் செலவு கொஞ்சநஞ்சமில்லை. மூலக்கூறு இரண்டு மடங்கு பெரிதானால் கணக்கு வேலை 128 மடங்காகிவிடும். ஆனாலும் இந்தத் துறையின் உரைகல் இதுதான். புதிதாக எந்த முறை வந்தாலும் முதலில் இதில் உரசிப் பார்க்கிறார்கள்.

ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பது இன்று ஆய்வாளரின் வேலை, பதவி உயர்வு, நிதி எல்லாவற்றையும் தொடுகிறது. யூஜின் கார்ஃபீல்டு 1960களில் மேற்கோள் அட்டவணையைத் தொடங்கினார். 2005இல் ஹிர்ஷ் கொடுத்த எச்-இன்டெக்ஸ் அதை ஒற்றை எண்ணாகச் சுருக்கியது: குறைந்தது 40 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 40 இருந்தால், எச் 40. இந்த எண்கள் உண்மையில் அளப்பது என்ன? 'நேச்சர்' இதழ் 2014இல் வெளியிட்ட, அதிக மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளின் பட்டியலில் ஏழாவதும் எட்டாவதும் வேதிக் கணக்கீட்டு முறைகளைப் பற்றியவை. முதலிடத்தில் இருந்தது புரதத்தின் அளவை அறியும் ஒரு செய்முறை. பட்டியலில் பெரும்பாலும் கருவிகளே. உலகைப் புரட்டிய கண்டுபிடிப்புகளை அங்கே தேடினால் ஏமாற்றம்தான். கருவி மிகவும் பழகிவிட்டாலோ, முறையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மூலக்கட்டுரையைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

தமிழ்ப் பெயருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னெழுத்தாக இருந்த 'ஆர்.' விரிந்து பின்னால் போனதும் ஆர். கிருஷ்ணன், கே. ராகவாச்சாரி ஆகிவிட்டார். தரவுத்தளத்துக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள். அதே 1980 கட்டுரையைப் பலர் கிருஷ்ணன் பெயரில் குறிப்பிடுகிறார்கள். காஸியன் என்ற வேதிக் கணக்கீட்டு மென்பொருளின் கையேடோ ராகவாச்சாரி என்கிறது. 'ஆர். கிருஷ்ணன்' என்று தேடுகிறவர் முன் எத்தனையோ கிருஷ்ணன்கள் வந்து நிற்பார்கள்.

காரைக்கால்காரர்களுக்கு இது பழைய விவகாரம். பிரெஞ்சு ஆட்சியின் 1881 ஆணைப்படி, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. அப்படிக் குடும்பப் பெயர் கொண்டவர்களும், இனிஷியலோடு வாழ்பவர்களும் அக்கம்பக்கத்தில் இருக்கும் ஊர் இது. 2010இல் தொடங்கிய புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் இங்கே திருவேட்டக்குடியில்தான் இருக்கிறது. அங்கே முதல் கட்டுரையை அனுப்பும் மாணவி, அப்பாவின் பெயரை முன்னால் ஓரெழுத்தாக வைப்பதா, விரித்துப் பின்னால் வைப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒருவிதம், மதிப்பெண் பட்டியலில் வேறுவிதம் என்றிருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். இது சில்லறை விஷயம் அல்ல. வழிகாட்டும் பேராசிரியர்கள் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டியது.

2012இல் வந்த ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதற்குப் பெரிய உதவி. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. பதிவு செய்யக் கட்டணமும் இல்லை. ஆனால் அதற்கு முன் வெளிவந்த கட்டுரைகளை அவரவர்தான் தேடித் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.