ஐஸ் வைப்பது எப்படி?

மானேஜருக்கு ஐஸ் வைக்கும் கலை பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்க்ரிமெண்ட் மாதத்தில், "ஸார், இந்தச் சட்டை உங்களுக்கு அம்சமா இருக்கு ஸார்" என்று காலையில் ஆரம்பித்து, மத்தியான டிபன் பாக்ஸ் திறப்பதற்குள் முழு ஐஸ் பாரையும் அவர் தலையில் இறக்கிவிடுகிற ஆசாமிகள் எல்லா ஆபீஸிலும் உண்டு.

இது அந்த ஐஸ் இல்லை. நிஜ ஐஸ். தரையில் வைக்கிற ஐஸ். 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு, கனம் ஒன்றேகால் அங்குலம்கூடத் தாண்டாமல், கண்ணாடி மாதிரி ஐஸ் வைத்து, அதன்மேல் மனுஷர்களைக் கத்தி பொருத்திய பூட்ஸோடு ஓடவிடுகிறார்களே, அந்த ஐஸ் ரிங்க். வெளிநாட்டு யூனிவர்சிட்டிகளில் ஹாஸ்டல், லைப்ரரி மாதிரி இதுவும் ஒரு அயிட்டம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1958-ல் கட்டிய இங்கால்ஸ் ரிங்க்குக்குக் கூரை வளைந்து நெளிந்து இருப்பதால், மாணவர்கள் வைத்த செல்லப் பெயர் 'திமிங்கிலம்'.

இதையெல்லாம் எழுத ஒரு கீரனூர்க்காரனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். (புதுக்கோட்டைக் கீரனூர் இல்லை ஸார், பழனிக்குப் பக்கத்துக் கீரனூர்.) எங்கள் ஊரில் ஏப்ரல் மாதம் குச்சி ஐஸ் வாங்கினால், மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவதற்குள் குச்சி மட்டும்தான் கையில் இருக்கும். ஐஸின் அருமை எங்களைவிட யாருக்குத் தெரியும்?

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே கொடைக்கானல் இருக்கிறது. உயரம் சுமார் 7,000 அடி. சிம்லாவும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆனால் சிம்லாவில் 1920-லிருந்து ஐஸ் ஸ்கேட்டிங் நடக்கிறது. கொடைக்கானலில் படகு விட்டு, பேரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். ஏன் இந்த ஓரவஞ்சனை? சிம்லா இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 31-வது டிகிரியில். கொடைக்கானல் 10-வது டிகிரியில். ஜனவரி விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளை வெள்ளையாகப் படியும். வெயில் ஏறினால் காணாமல் போகும். அவ்வளவுதான் நம் யோகம்.

சிம்லாவில் பிளெஸ்ஸிங்டன் என்ற வெள்ளைக்காரர், ராத்திரி வெளியே வைத்த தண்ணீர் காலையில் கெட்டியாகிக் கிடப்பதைப் பார்த்தாராம். உடனே டென்னிஸ் கோர்ட்டில் தண்ணீரைக் கொட்டி உறையவிட்டாராம். இப்படித்தான் அந்த ஊரில் கதை சொல்கிறார்கள். அங்கே மிஷின் கிடையாது. ராத்திரி தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். மேகம் மூடாமல் இருந்தால் ஐஸ். மூடிவிட்டால் வெறும் ஈரத் தரை. வானம் பார்த்த பூமி என்று நம் மானாவாரி விவசாயி சொல்வாரே, அந்தக் கதைதான்.

வானத்தை நம்பாமல் ஐஸ் வைக்கவேண்டும் என்று லண்டன்காரர்களுக்கு வெகு நாளாக ஆசை. 1840-களில் ஒரு கூட்டம், பன்றிக் கொழுப்பையும் உப்பு வகைகளையும் கலந்து தரையில் பூசி, "இதுதான் ஐஸ், வாருங்கள் சறுக்கலாம்" என்று டிக்கெட் விற்றது. நாற்றம் தாங்காமல் ஜனங்கள் ஓடியதைச் சொல்லவும் வேண்டுமா?

நிஜ ஐஸை மிஷின் வைத்து உண்டாக்கியவர் ஜான் கேம்ஜி. ஆட்டு மாட்டு டாக்டர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து இறைச்சியைக் கெடாமல் கப்பலில் கொண்டுவர வழி தேடிக்கொண்டிருந்தவர். அந்த ஆராய்ச்சியில் கிடைத்த உபரிதான் ஐஸ் ரிங்க். 1876 ஜனவரியில் செல்ஸியில் ஒரு கூடாரத்துக்குள் முதலில் திறந்தார். காங்கிரீட், அதன்மேல் மண், மாட்டு முடி (ஆமாம், மாட்டு முடிதான், பூமியின் சூடு மேலே ஏறாமல் தடுக்க), அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் கிளிசரினும் ஈதரும் கலந்த குளிர்திரவம் ஓடும் செம்புக் குழாய்கள். குழாய்களின் மேல் தண்ணீர் ஊற்றி உறையவைத்தார். பணக்காரர்கள் வந்தார்கள், சறுக்கினார்கள், விழுந்தார்கள்.

அந்த வருஷக் கடைசிக்குள் மூடிவிட்டார்! காரணம் இரண்டு. ஒன்று, செலவு கட்டவில்லை. இரண்டு, ஐஸின் மேல் எழும்பிய மூடுபனியில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. இந்த இரண்டு காரணங்களையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

இன்றைக்கு ஒரு புது ரிங்க்கைத் திறப்பு விழாவுக்கு எப்படித் தயார் செய்கிறார்கள்? பெரிய தொட்டி கட்டி, தண்ணீர் நிரப்பி, சுவிட்சைப் போடுவார்கள் என்றுதான் நானும் நீங்களும் நினைப்போம். அப்படிச் செய்தால் கிடைப்பது விரிசல் விட்ட ஐஸ்கட்டிதான்.

பழைய ஐஸ் கம்பெனி எதற்குள்ளாவது போயிருக்கிறீர்களா? தரையோடு தரையாக மரப்பலகை மூடிய தொட்டி. உள்ளே கரகரவென்று உப்புக் கரைத்த தண்ணீர். அம்மோனியா ஓடும் குழாய்கள் அந்த உப்புத் தண்ணீரை ஜீரோ டிகிரிக்கும் கீழே இறக்கும். உப்பு இருப்பதால் அது உறையாது. அதற்குள் வரிசையாகத் தகர டப்பாக்களில் நல்ல தண்ணீர். அது உறைந்தால் ஐஸ் பார். ஐஸ் ரிங்க்கிலும் சூத்திரம் அதேதான். குளிரவைத்த உப்புத் தண்ணீர், அல்லது கிளைகால் என்ற திரவம், காங்கிரீட் தளத்துக்குள்ளே புதைத்த பல கிலோமீட்டர் நீளக் குழாய்களில் சுற்றிச் சுற்றி வரும். ரிங்க் என்பது ஐஸ் கம்பெனியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி.

தளத்தை ஒரே நாளில் குளிரவைக்கக் கூடாது. காங்கிரீட் சுருங்கி வெடிக்கும். பல நாள், டிகிரி டிகிரியாக இறக்கவேண்டும். இன்னொரு வேடிக்கை: இந்த ஐஸுக்கு அடியில், தெர்மோகோல் மாதிரியான தடுப்புக்கும் கீழே, பல ரிங்க்குகளில் ஹீட்டர் குழாய் ஒன்று ஓடுகிறது! குளிர் கீழே இறங்கி மண்ணிலுள்ள ஈரத்தை உறையவைத்தால் மண் உப்பி எழும்பி, தளத்தையே தூக்கிப் பிளந்துவிடும். அதற்காக மேலே ஐஸ், கீழே அடுப்பு. மாமியார் மருமகள் இரண்டு பேரையும் சமாதானமாய் வைத்திருக்கிற குடும்பஸ்தர்களுக்கு இந்த டெக்னிக் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

தளம் மைனஸ் 8, 9 டிகிரிக்கு வந்ததும் ஐஸ் வைக்க ஆரம்பிப்பார்கள். ஊற்றுவது இல்லை, தெளிப்பது. பூச்சி மருந்து அடிப்பது போல மெல்லிய தூவல். காகித கனத்துக்கு உறைந்ததும் அடுத்த தூவல். இப்படிச் சில படலம் ஏறியதும் வெள்ளைப் பெயிண்ட். நாம் டி.வி.யில் பார்க்கிற ஐஸின் வெள்ளை, ஐஸின் நிறம் இல்லை ஸார், பெயிண்ட். ஐஸ் கண்ணாடி மாதிரி. பெயிண்ட் அடிக்காவிட்டால் அடியில் இருக்கிற காங்கிரீட் அழுது வடியும். வெள்ளையின் மேல் மறுபடி தூவல். பிறகு சிவப்பு, நீலக் கோடுகள், வட்டங்கள். ஆட்கள் குனிந்து உட்கார்ந்து, மார்கழிக் கோலம் போடுகிற பொறுமையோடு வரைய வேண்டும். அதன்மேல் மறுபடி ராத்திரி பகலாகத் தண்ணீர், படலம் படலமாக.

தண்ணீரும் லேசுப்பட்டதாக இருக்கக் கூடாது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் பருப்பு வேகவைக்கவே அம்மாக்கள் படாதபாடு படுகிறார்கள். அதை உறையவைத்தால் ஐஸ் கலங்கலாக, மொரமொரவென்று இருக்கும். உப்பு நீக்கிய தண்ணீர் வேண்டும். அதையும் கொதிக்கக் கொதிக்க, 60, 70 டிகிரி சூட்டில் விடுகிறார்கள். ஐஸின் மேல் வெந்நீரா? ஆமாம். வெந்நீரில் கரைந்த காற்று குறைவு, அதனால் ஐஸ் கெட்டியாகத் தெளிவாக வரும். மேல்பரப்பைக் கொஞ்சம் இளக்கி, பழையதும் புதுசும் ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

திறந்தபிறகு சும்மா விட முடியுமா? ஒரு மணி நேரம் ஐம்பது பேர் கத்தியால் கீறினால் தளம் உழுத காடு மாதிரி ஆகிவிடும். முன்னெல்லாம் டிராக்டர் வைத்துச் சுரண்டி, நாலைந்து பேர் தள்ளிக் கழுவி, தண்ணீர் விட்டு உறையவைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதற்கு மிஷின் கண்டுபிடித்தவர் பிராங்க் ஸாம்போனி. எஞ்சினியர் என்று நினைத்தீர்களா? கலிபோர்னியாவில் ஐஸ் கம்பெனி நடத்தியவர்! காய்கறி அனுப்புகிறவர்களுக்கு ஐஸ் பார் விற்றுக்கொண்டிருந்தார். நல்ல ரெஃப்ரிஜிரேஷன் வசதிகள் வந்ததும் ஐஸ் பார் வாங்க ஆள் குறைந்துபோனது. 'குளிரவைக்கத் தெரியும், வேறென்ன செய்யலாம்' என்று யோசித்து, தம்பி, உறவுக்காரர் சகிதமாக 1940-ல் ஒரு ஐஸ் ரிங்க்கைத் திறந்தார். தளத்தைச் சீராக்குகிற தலைவலி தாங்காமல் வருஷக்கணக்கில் முட்டிமோதி, 1949-ல் ஒரு வண்டியைச் செய்து முடித்தார். மேல்பரப்பைச் சீவி, துகளை அள்ளி, கழுவி, வெந்நீர் பூசிக்கொண்டே போகும். பத்து நிமிஷ வேலை. ஃப்ரிட்ஜ் வந்ததும் நம் ஊர்களில் ஷட்டரை இழுத்துவிட்டுப் போன ஐஸ் கம்பெனி முதலாளிகளை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

சரி, கணக்குக்கு வருவோம். பி.காம். படித்தவன், இதைப் போடாவிட்டால் தூக்கம் வராது.

60-க்கு 30 மீட்டர், 3 சென்டிமீட்டர் கனம். ஆகமொத்தம் 54,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் டாங்கர் லாரியில் நாலரை லோடு. 30 டிகிரி சூட்டிலிருக்கிற தண்ணீரை உறையவைத்து மைனஸ் 5-க்குக் கொண்டுபோக, அதிலிருந்து சுமார் 7,000 யூனிட் வெப்பத்தை உருவவேண்டும். நல்ல கம்ப்ரஸர் ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்று வைத்தால், சுமார் 2,400 யூனிட் மின்சாரம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு இது இரண்டு வருஷக் கரண்ட். அடடே, இவ்வளவுதானா என்று தோன்றுகிறதல்லவா?

அங்கேதான் மாட்டிக்கொள்வோம். வைத்த ஐஸை உருகாமல் காப்பாற்ற வேண்டுமே! வெளியே 38 டிகிரி வெயில். கூரை சூடு. விளக்குச் சூடு. ஸ்கேட்டிங் செய்கிறவர்களின் உடம்புச் சூடு. மணிக்கொரு தரம் நாமே ஊற்றும் வெந்நீர். காற்றின் ஈரத்தை உறிஞ்சத் தனி மிஷின். இல்லாவிட்டால் கேம்ஜியின் மூடுபனி வந்துவிடும், கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து ஐஸில் மேடு தட்டும். எல்லாம் சேர்ந்து மணிக்கு 200 யூனிட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐஸை உண்டாக்க ஆன மொத்தக் கரண்டும் பன்னிரண்டே மணி நேரத்தில் காலி. நாளைக்கு 4,800 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்றால் 43,200 ரூபாய். மாதம் கிட்டத்தட்ட 13 லட்சம். ராத்திரி எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகு நிறுத்திவைக்கலாமே என்றால், காலையில் நீச்சல்குளத்தைத்தான் திறக்கலாம். கட்டுகிற செலவு பட்ஜெட்டில் ஒரே ஒரு வருஷம் வரும், மந்திரி வருவார், ரிப்பன் வெட்டுவார். இந்த 13 லட்சம் மாதாமாதம் வரும். இதற்கு ரிப்பன் கிடையாது.

இது கற்பனை இல்லை. டேராடூனில் நடந்தது.

2011 ஜனவரியில் முதலாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி. பனிச்சறுக்கு அவுலி மலையில், ஸ்கேட்டிங் டேராடூனில். அதற்காக அங்கே மகாராணா பிரதாப் ஸ்போர்ட்ஸ் காலேஜ் வளாகத்தில், கூரைக்கு உள்ளே, சர்வதேச அளவில் ஒரு ரிங்க் கட்டினார்கள். இந்தியாவில் அந்த அளவில் அதுதான் முதல். போட்டி ஜோராக நடந்தது. அப்புறம் கரண்ட் பில் வந்தது. கொஞ்ச நாளில் மிஷின்கள் நின்றன, ஐஸ் தண்ணீராகி ஓடிவிட்டது. பத்து வருஷத்துக்கும் மேலே பூட்டு.

அந்தப் பத்து வருஷத்தில் வளர்ந்த பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஸ்கேட்டிங் பழகுகிறவர்கள் குர்காவ்ன் மாலில் இருந்த சின்னத் தளத்தில், ஷாப்பிங் வந்த கூட்டத்தோடு இடித்துக்கொண்டு சுற்றினார்கள். முழு வேகம் பிடிப்பதற்குள் சுவர் வந்துவிடும். லடாக் பெண்கள் குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் குளம் உறையும்போது மட்டும் ஐஸ் ஹாக்கி ஆடினார்கள். மிச்ச மாதங்களில் ஐஸுக்கு வெளிநாடு போனால்தான் உண்டு. அப்படியும் 2017-ல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று ஜெயித்தார்கள். இந்தியப் பெண்கள் அணிக்குச் சர்வதேசப் போட்டியில் முதல் வெற்றி. 2025 ஜூனில் அல் அய்ன் நகரத்தில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள். முழு அளவு ரிங்க் ஒன்று சொந்த நாட்டில் பூட்டிக்கிடந்த காலத்தில்தான் இந்தப் பெண்கள் குளம் உறையட்டும் என்று காத்திருந்தார்கள் என்பது நினைத்தால் கொஞ்சம் வலிக்கிறது.

2025-ல் டேராடூன் ரிங்க்கைப் புதுப்பித்து, ஹிமாத்ரி என்ற பெயரோடு மறுபடி திறந்தார்கள். மறுபடி தளத்தைக் குளிரவைத்து, மறுபடி படலம் படலமாக ஐஸ். ஆகஸ்டில் அங்கே ஆசிய ஓபன் ஷார்ட் டிராக் வேக ஸ்கேட்டிங் போட்டி நடந்தது. ஆகஸ்ட் என்றால் டேராடூனில் அடைமழைக் காலம். காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். கேம்ஜியை வீட்டுக்கு அனுப்பிய அதே ஈரம்தான். உள்ளே பந்தயம் நடந்து முடிந்தது.

அடுத்த மாதம் கரண்ட் பில் எவ்வளவு வந்தது, யார் கட்டினார்கள் என்று யாராவது நிருபர் விசாரித்து எழுதினால், முதல் ஆளாக வாங்கிப் படிக்கக் காத்திருக்கிறேன்.