எள்ளலும் இதழும்

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். அவ்வெள்ளல் தமிழ் இதழ்களில் அரசியல் படமாக உருப்பெற்றது, பாரதியாரின் ‘இந்தியா’ வார இதழில். 1906ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய அவ்விதழின் கேலிச்சித்திரங்கள், எழுத்தறியாதவருக்கும் அயலாட்சியின் இயல்பை விளக்கின. அரசின் அடக்குமுறையால் 1908இல் இதழ் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. சிரிப்புக்கு அஞ்சாத அரசு அரிது போலும்!

விடுதலை பெற்ற நாட்டிலும் அந்த அச்சம் நீங்கிவிடவில்லை. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் எள்ளும் நகைச்சுவைத் துணுக்கு ஒன்று படத்துடன் வெளிவந்தது. அதனை உரிமை மீறலாகக் கருதிய சட்டப்பேரவை, ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எங்கும் எதிர்ப்பு எழவே, சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். எனினும் அவர் வழக்காடினார். உயர்நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இங்கு ஒன்றைக் கருதுக: அத்துணுக்குக்குப் பொறுப்பேற்க ஆசிரியர் ஒருவர் இருந்தார், அவர் பெயர் இதழில் அச்சாகியிருந்தது.

இணைய வெளியில் அத்தகைய பொறுப்பு எளிதில் மறைந்துவிடுகிறது. ஓவியரின் கையொப்பமும் இதழின் பெயரும் வெட்டப்பட்டு, படம் மட்டும் கைப்பேசிதோறும் உலவுகிறது. வரைந்தவருக்கு ஊதியமில்லை, இதழுக்கும் வருவாயில்லை. காலையில் நிகழ்ந்ததற்கு நண்பகலுக்குள் நூறு ‘மீம்’கள் பிறந்துவிடும்போது, வார இதழின் நகைச்சுவை கடைக்கு வருமுன்பே பழையதாகிவிடுகிறது.

இவற்றினும் பெரிய இடர், எள்ளலே செய்தியாகக் கொள்ளப்படுவது. அச்சிதழில் பக்கத்தின் தலைப்பே ‘இது நையாண்டி’ என உணர்த்திவிடும். இணையத்தில் அந்தச் சூழல் கழன்றுவிடுகிறது. ‘தி ஆனியன்’ என்னும் அமெரிக்க நையாண்டி இதழ், உலகின் கவர்ச்சிமிகு ஆடவர் வடகொரியத் தலைவர் கிம் ஜாங் உன்னே என 2012இல் எழுதியது. சீனாவின் ‘மக்கள் நாளிதழ்’ இணையப்பக்கம் அதனை மெய்யென நம்பி, 55 படங்களுடன் வெளியிட்டது! பயிற்சிபெற்ற இதழாளரே இவ்வாறு ஏமாறினர்.

1988இல் மாணவர் இருவரால் தொடங்கப்பெற்ற அந்த ஆனியன், 2013இல் அச்சு வடிவத்தைக் கைவிட்டு இணையத்தில் மட்டும் இயங்கியது. 2024இல் மீண்டும் அச்சேறி, சந்தாதாரர் இல்லங்களுக்கு அஞ்சலில் செல்கிறது.